இரண்டாம் வரிசை, சன்னலோரம், சைவம்

எங்கள் விமானத்துக்கு வால் இல்லை,
இறக்கையும் இல்லை.
மூக்கிலிருந்து பதினாறு மீட்டரை வெட்டியெடுத்து
மியூனிக்குக்குத் தெற்கே ஒரு கொட்டகையில்
இரும்புக் குழாய்க்குள் செருகி வைத்திருக்கிறார்கள்.
காற்றை உறிஞ்சுவது என் வேலை.
திருகைத் திருப்பினால்
நின்ற இடத்திலேயே ஏறும் அது,
இரண்டாயிரத்து நானூறு மீட்டர் வரை.

உயரத்தில் நாக்கு மந்தமாகும்.
உப்பு பாதி செத்துவிடும், இனிப்பும் கொஞ்சம்.
அதனால் புதன்கிழமைதோறும் ஆறு பேர்
படுக்கையாக விரியும் இருக்கைகளில் அமர்ந்து
உயர்வகுப்புத் தட்டுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

காலையில் கன்றின் விலா. நண்பகலில் வாத்து.
வாத்துக்கு மட்டும் நாற்பது நிமிடச் சண்டை:
தோல் மொறுமொறுப்பா, ரப்பரா?
தலைமைச் சமையல்காரர் ஓட்மார் கிரைல்
கண்ணை மூடி மெல்வதைக் கேமராவில் பார்த்திருக்கிறேன்.
பழைய காதலியின் பெயரை
வாய்க்குள் சொல்லிப் பார்ப்பவரின் முகம்.

சைவம் மூன்றரை மணிக்கு,
எல்லா வயிறும் நிறைந்த பிறகு.

கத்தரிக்காய் வட்டம் ஒன்று, மேலே தக்காளிச் சாறு,
பக்கத்தில் கூஸ்கூஸ் என்கிற ஈர மணல்.
போன மாதமும் அதுதான்.
கத்தரிக்காய் போய் சுக்கினி வந்தால் புது மெனு.
மற்றவர்களுக்குச் சாக்லேட் கேக்;
இதற்கு முலாம்பழம், மூன்று துண்டு.
முட்டை இல்லை, பால் இல்லை, குளூட்டன் இல்லை,
யாருக்கும் ஒவ்வாமை வராது,
ஆசையும் வராது.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
'நீங்கள் இதைத் தேர்ந்தெடுப்பீர்களா?'
'சைவக்காரர்களுக்குப் பிடிக்கும்' என்று எழுதுகிறார்கள்
ஆறு பேரும்.
ஆறில் ஒருவர்கூடச் சைவம் இல்லை.

நான் இறைச்சியைத் தொட்டுப் பன்னிரண்டு வருடம்.
பெரிய காரணமெல்லாம் கிடையாது,
ஒரு கோடையில் விட்டது, விட்டதுதான்.
யாரும் கேட்டதில்லை.
திருகு திருப்புகிறவளுக்கு நாக்கு எதற்கு?
மிஞ்சியதைத் தரையில் நின்று தின்றிருக்கிறேன்;
வானத்துக்காகப் போட்ட உப்பு
பூமியில் கரித்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
இது உப்பிருந்தும் அங்கேயே போனது.

அந்தப் புதன் மட்டும் ஒரு புதுத் தட்டு.
ஃபென்யா என்ற இளைய சமையல்காரி கொண்டுவந்தது:
பூசணிக் கொழுக்கட்டை மூன்று,
பொரித்த சேஜ் இலை, கருகும் முன் இறக்கிய வெண்ணெய்,
உலர்காளான் பொடி ஒரு சிட்டிகை.
பத்துக்கு இரண்டு போட்டார்கள்.
'தட்டில் கதாநாயகன் இல்லை' என்றார் கிரைல்.
தொடப்படாத ஒன்றை
நான் குளிர்பெட்டியில் ஒளித்துவைத்தேன்.

வியாழன் இரவு, துப்புரவுக்கு வந்த ஸ்லாட்கோவிடம்
"என்னை ஒரு தடவை ஏற்றிவிடுவாயா?" என்றேன்.
ஈரல் சாண்ட்விச்சை மேசையில் வைத்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டான்.
எந்தத் திருகு, எவ்வளவு மெதுவாக,
எந்த விளக்கு எரிந்தால் உடனே இறக்க வேண்டும்,
மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன்.

காது அடைத்தது, திறந்தது.
சன்னலில் ஒட்டிய மேகப் படம் ஒரு மூலையில் உரிந்து
பின்னால் சிமெண்ட் தெரிந்தது.
சூடாக்கிய தட்டை மடிமேசையில் வைத்தேன்.
துணி நாப்கினைக்கூட விரித்தேன், யாருக்காகவோ.

முதல் வாய்.

உப்பு சரியாக இருந்தது.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ஒருத்தி தரையில் நின்றுகொண்டே
இந்த உயரத்தில் இருக்கும் ஒரு நாக்கை
நினைத்துப் பார்த்திருக்கிறாள்.
காளான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறி
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஒலிபெருக்கியில் ஸ்லாட்கோ:
"மேலே எப்படி இருக்கிறது?"
வாய் நிறைந்திருந்தது. கட்டைவிரலைக் காட்டினேன்.
"இறக்கட்டுமா?"
தட்டில் இன்னும் ஒன்று இருந்தது.
விரலை ஆட்டினேன்.

இறங்கியதும் ஏழாவது படிவம் நிரப்பினேன்.
தேர்ந்தெடுப்பீர்களா? ஆம்.
இந்தத் தட்டுக்காகவே டிக்கெட் வாங்குவேன்,
காசு இருந்தால்.

அடுத்த புதன், அதை யாரோ ஓரமாக ஒதுக்கினார்கள்:
'சுவைப்போர் எண்ணிக்கை ஆறு. இது கணக்கில் வராது.'
மூன்றரை மணி. சுக்கினி.
ஆறு பேரும் இடைவார் போட்டு அமர்ந்தார்கள்.

நான் திருகைத் திருப்பினேன்,
விதி அனுமதிக்கும் வேகத்தில்தான்,
ஆனால் அதன் கடைசிக் கோட்டில்.
கேமராவில் ஆறு பேரும்
காதைப் பிடித்துக்கொண்டார்கள்.